தரைக்கு நாய், துணிக்குப் பூனை

ஹவுராவில் காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் அடுக்குமாடி வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். வீட்டு வேலைக்கு வரும் பெண்களை இங்கே ‘மாஷி’ என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் சித்தி என்பதுபோல. மாஷி முதலில் பூந்துடைப்பத்தால் பெருக்குவார். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் ‘நியாதா’ என்கிற பழந்துணியுமாகக் குந்தி உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து தரையைத் துடைப்பார். அந்த வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்பதை அந்த வாளியே சொல்லிவிடும். நாய் இருக்கும் வீடென்றால் முடி திரிந்து நூல் நூலாகத் தண்ணீரில் மிதக்கும். பூனை வீடென்றால் வாளியில் அதிகம் தெரியாது. மாஷியின் முந்தானையில் தெரியும்.

இந்த இரண்டையும் ஒரே தொல்லையாகப் பார்ப்பதுதான் வழக்கம். கடையில் தொங்கும் சீப்பின் அட்டையில் நாயும் பூனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒட்டும் உருளை, ரப்பர் கையுறை, ஷாம்பு என்று எல்லாமே இரண்டுக்கும் பொது. ஷிப்பூரில் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் முடியை அதன் உடம்பில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். பூனை முடியை அது போய்ச் சேரும் துணியில் பிடிக்க வேண்டும். நான் பார்த்த ஹவுரா வீடுகள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது. நாயைச் சீவாமல் விட்டுவிட்டுத் தரையை ஓயாமல் பெருக்குகிறார்கள். பூனையைக் கட்டிலுக்கடியில் துரத்தித் துரத்திச் சீவிவிட்டு, அது நாள் முழுக்கத் தூங்கும் விரிப்பை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கிறார்கள்.

முதலில் நாய். வங்காளத்து நடுத்தர வீடுகளில் ஒரு தலைமுறை முழுக்க நாய் என்றாலே வெள்ளை ஸ்பிட்ஸ்தான். ஜெர்மன் ஸ்பிட்ஸின் வழிவந்த இந்த இந்தியன் ஸ்பிட்ஸ், வெளிநாட்டு இனங்கள் எளிதில் கிடைக்காத 1980களில் நாடு முழுக்கப் பரவியது. 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் டஃபி என்ற பெயரில் நடித்ததும் இதே வகைதான். தமிழ்நாட்டில் நாம் அதைப் பொமரேனியன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு முடி. வெளியே நீளமான, விறைப்பான காவல் முடி. அதற்குள்ளே பஞ்சுபோல் அடர்ந்த உள்முடி. குளிர் நாட்டுக்கு ஏற்ற போர்வை அது. அதைப் போர்த்திக்கொண்டு அந்த நாய் ஹூக்ளிக் கரையின் மே மாதப் புழுக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டபடி படுத்திருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் தெற்கத்தி நாய்களின் குட்டையான, உடம்போடு ஒட்டிய முடியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. பக்கத்திலேயே இமயமலை ஆட்டுநாயும் இருந்தது. வெப்பத்துக்கும் குளிருக்கும் உடம்பு எப்படி உடுத்துகிறது என்பதை அந்த இரண்டு தபால்தலைகளை அருகருகே வைத்தே சொல்லிவிடலாம்.

நாயின் முடி ஏன் கொட்டுகிறது? ஒவ்வொரு முடியும் வளரும், வளர்ச்சி நிற்கும், ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். பூடில் போன்ற சில இனங்களில் பெரும்பாலான முடி எப்போதும் வளரும் கட்டத்திலேயே இருக்கும். அதனால் அது அதிகம் கொட்டாது, வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிட்ஸ், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றில் பெரும்பாலான முடி ஓய்வுக் கட்டத்தில் காத்திருக்கும். காலம் வந்ததும் கொத்தாக உதிரும். அந்தக் காலத்தைக் குறிப்பதில் வெயிலைவிடப் பகல் நேரத்தின் நீளத்துக்குப் பங்கு அதிகம்.

தமிழ்நாட்டிலிருந்து நாயோடு குடிபெயர்ந்து வருகிறவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். ஹவுரா ஏறத்தாழ 22.6 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் சுமார் 10 மணி 45 நிமிடம். ஜூன் கடைசியில் சுமார் 13 மணி 30 நிமிடம். இடைவெளி கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். 13 பாகையில் இருக்கும் சென்னையில் அந்த இடைவெளி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சென்னையில் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருந்த நாய், ஹவுராவுக்கு வந்தபின் மாசி பங்குனியில் ஒரு தடவையும் துர்கா பூஜையை ஒட்டி ஒரு தடவையும் கொத்துக் கொத்தாகக் கொட்டும். நோய் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. வட்டமாகச் சொட்டை விழுந்தால், தோல் சிவந்தால், விடாமல் சொறிந்தால் மட்டும் போகலாம். இங்கிருந்து மருத்துவரிடம் போகிறவர்களுக்குப் பாலத்தைத் தாண்டி கல்கத்தாவில் பெல்கச்சியா இருக்கிறது. 1893இல் தொடங்கிய வங்காள கால்நடை மருத்துவக் கல்லூரியின் வளாகம் அது, இன்று பல்கலைக்கழகம். இரவெல்லாம் டியூப்லைட் எரியும் வீடுகளில் நாயின் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்பது குழம்பிப்போய் இந்தப் பருவக் கணக்கும் மழுங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாய் கொட்டுவதைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளலாம். பூனையிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. அதற்கும் பருவம் உண்டு. ஆனால் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை, விளக்கு வெளிச்சத்தில் வாழ்ந்து, வருஷம் முழுக்கத் துளித்துளியாக உதிர்த்துக்கொண்டிருக்கும். இதைவிடப் பெரிய வித்தியாசம் நாக்கில் இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் கால் பங்குவரை பூனை தன்னை நக்கிக்கொள்வதில் செலவழிக்கிறது. நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பது பூனை கையை நக்கிய அனுபவம் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த முட்களின் நுனி குழிந்து கரண்டி மாதிரி இருக்கிறது, எச்சிலை உறிஞ்சி எடுத்துப்போய் முடியின் அடிவரை சேர்க்கிறது என்பதை 2018இல்தான் ஜார்ஜியா டெக் நிறுவனத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் விளக்கினார்கள். அந்த நாக்கைப் பார்த்து ஒரு சீப்பையும் வடிவமைத்தார்கள்.

பூனைக்குச் சீப்பு கூடப் பிறந்ததாகவே இருக்கிறது, அதுவும் நாம் வாங்கிவரும் எதையும்விட உயர்ந்தது. உதிர வேண்டிய முடியில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடுகிறது. அதில் கொஞ்சத்தைச் சில நாள் கழித்து உருண்டையாக நடுக்கூடத்தில் கக்கிவைக்கிறது. மிச்சமுள்ள முடி எச்சில் தோய்ந்து, காய்ந்து, உதிர்கிறது. நாயின் காவல் முடியைவிடப் பூனையின் உள்முடி பல மடங்கு மெல்லியது. அதனால் தரையில் விழுந்து கிடக்காது. மின்விசிறிக் காற்றில் எழும்பும், மிதக்கும், எங்காவது நூலிழைக்குள் நுழைந்து தங்கிவிடும்.

தங்குவதற்கு வங்காள வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட காந்தா, குளிர்காலத்துக்கென்று பெட்டியிலிருந்து எடுக்கும் ‘லேப்’ என்ற பஞ்சுப் போர்வை, கட்டிக்கொண்டு தூங்கும் நீளத் திண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கொசுவலை. ஹவுராவில் கொசுவலை கட்டாத கட்டில் அரிது. பூனைக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்தினால் இதே பட்டியல்தான் வரும். கார்த்திகை கடைசியில் வில்போன்ற கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சடிக்கும் துனுரி தெருவில் குரல் கொடுப்பார். பூனை வீட்டு லேப்பை அவர் பிரித்து அடிக்கும்போது பார்க்க வேண்டும். பஞ்சோடு பஞ்சாகப் போன குளிர்காலத்து முடியெல்லாம் காற்றில் எழும். அவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்பார்.

பூனையை வங்காளிகள் வீட்டுக்குள் இவ்வளவு தூரம் விடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழந்தைகளைக் காக்கும் ஷஷ்டி தேவியின் வாகனம் பூனை. மருமகனுக்கு விருந்து வைக்கும் ஜாமாய் ஷஷ்டி அவளுடைய நாள்தான். அந்த விரதக் கதையில் வீட்டின் சின்ன மருமகள் பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டுப் பழியைக் கறுப்புப் பூனைமேல் போடுவாள். தேவிக்குக் கோபம் வரும். கதை கேட்டு வளர்ந்தவர்கள்கூடப் பாயசத்தில் ஒரு முடி கிடந்தால் பூனையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது நாயின் முடியா, மனிதரின் முடியா என்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நாய்க்கு இந்தச் சலுகை கிடையாது. பூஜையறை வாசலில் நாயை நிறுத்திவிடும் வீட்டில் பூனை உள்ளே போய் நைவேத்தியத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். முடி எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இதற்குப் பெரிய பங்கிருக்கிறது. நாய் முடி வராந்தாவிலும் கூடத்திலும் கிடக்கும். பூனை முடிக்கு வீட்டில் வேலியே இல்லை.

தரையையும் கொஞ்சம் பார்க்கலாம். ஷிப்பூர், சால்கியா, ராம்ராஜாதலா பக்கத்துப் பழைய வீடுகளில் ஓரத்தில் கறுப்புப் பட்டை போட்ட சிவப்பு ஆக்சைடு தரை இன்னும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். வெள்ளை ஸ்பிட்ஸின் முடி அதில் ஒன்றுகூட மறையாது. ஆனால் இணைப்புக்கோடே இல்லாத தரை என்பதால், விசிறி ஓடினால் முடி தானாகவே சுவரோரமாக ஒதுங்கிச் சுருண்டுவிடும். பூந்துடைப்பம் ஒரு சுற்றுப் போனால் அள்ளிவிடலாம். புது அடுக்குமாடிகளின் வெளிர்நிற டைல்ஸில் அதே முடி கண்ணுக்குத் தெரியாது. மத்தியான வெயில் சாய்வாக விழும்போதுதான் தெரியும். தெரியாததால் அங்கே பெருக்குவது குறைகிறது; இண்டு இடுக்குகளில் முடியும் தூசியும் சேர்ந்து கறுத்துப்போகிறது. பழைய வீடா புது வீடா என்று கேட்டால், நாய்க்காரர்களுக்கு நான் பழைய தரையைத்தான் சிபாரிசு செய்வேன். பூனைக்காரர்களுக்குத் தரை எதுவானால் என்ன?

ஹவுராவுக்கே உரிய ஒரு சேர்க்கை இந்த முடியில் உண்டு. பெலிலியஸ் ரோடு, தாஸ்நகர், லிலுவா பக்கத்துப் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் ஒரு காலத்தில் இந்த ஊருக்குக் கிழக்கின் ஷெஃபீல்டு என்று பெயர் வாங்கிக்கொடுத்தவை. அவற்றின் கரியும் இரும்புத்தூளும் குளிர்காலக் காற்றில் கலந்து எங்கும் படியும். மதில்மேல் நடந்துவிட்டு வரும் பூனை அதையெல்லாம் உடம்பில் துடைத்துக்கொண்டு வருகிறது, பிறகு நக்குகிறது. மின்விசிறி இறக்கைகளின் விளிம்பில் படியும் பிசுக்கைச் சுரண்டிப் பார்த்தால் கரியும் முடியும் பின்னிய ஒரு நாடா வரும். தூசி தட்டும் துணி அதைப் பிடிக்காது. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி உருவினால் முழுசாக உள்ளேயே வந்துவிடும்.

காற்றின் ஈரம் அடுத்த விஷயம். ஜூன் நடுவில் மழை தொடங்கினால் ஜூலை, ஆகஸ்டில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். அப்போது நிலைமின்சாரம் எடுபடாது. பூனை முடி துணியில் ஒட்டுவது குறையும். ஆனால் நனைந்த தரையில் நாய் முடி பசையாக ஒட்டும். பெருக்காமல் துடைத்தால் நியாதா அதை இழுத்துக்கொண்டே போய் அடுத்த அறையில் பூசும். டிசம்பர், ஜனவரியில் மத்தியானக் காற்று உலர்ந்துபோகும். அப்போது எல்லாம் மாறும். முடியும் பாலியஸ்டரும் உரசினால் முடி நேர்மின்னூட்டமும் பாலியஸ்டர் எதிர்மின்னூட்டமும் கொள்கின்றன, இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. செயற்கை இழைக் கொசுவலையின் மேற்கூரையில் பூனை முடி குளிர்காலத்தில் சாம்பல் படலமாகப் படிவது இதனால்தான். பருத்தி வலை கட்டும் வீடுகளில் இந்தத் தொல்லை கண்கூடாகக் குறைவு. மழையில் நாயும் குளிரில் பூனையுமாக இரண்டும் முறைவைத்துத் தொல்லை தருகின்றன என்றே சொல்லலாம்.

முடியைப் பற்றிய பேச்சில் தும்மலும் மூச்சிரைப்பும் வந்தே தீரும். இங்கே ஒரு திருத்தம் தேவை. ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல. அதில் ஒட்டியிருக்கும் புரதம். பூனையில் முக்கியமானது ஃபெல் டி 1. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் எச்சிலிலும் சுரக்கிறது. நக்கும்போது உடம்பு முழுக்கப் பூசப்படுகிறது. காயடிக்காத ஆண் பூனையில் இது அதிகம். மிக நுண்ணிய துகள்களில் ஏறிக்கொண்டு மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். நாயின் கேன் எஃப் 1 முதலியவை எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கின்றன. அவையும் மிதக்கும் என்றாலும் பூனையுடையதுபோல் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதில் பின்தங்கியவை. பூனையே இல்லாத பள்ளிக்கூடங்களில்கூட ஃபெல் டி 1 கிடைத்திருக்கிறது. பூனை வீட்டுப் பிள்ளைகளின் சட்டையில் ஏறி வந்தது அது. காரணம் முடியல்ல, புரதம் என்பதால்தான் கொட்டாத நாய் வாங்கினால் தும்மல் வராது என்ற விற்பனைப் பேச்சை நம்பக் கூடாது. டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 173 வீடுகளின் தூசியை அளந்து 2011இல் வெளியிட்ட முடிவு, ஒவ்வாமை தராதவை என்று சொல்லப்படும் இனங்கள் உள்ள வீட்டிலும் மற்ற வீட்டிலும் நாய்ப் புரதத்தின் அளவில் வித்தியாசம் இல்லை என்பதுதான்.

பூனை முடியில் இன்னொரு பயணியும் ஏறலாம். படர்தாமரையை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. பெயரில் நாய் இருந்தாலும் அதிகம் சுமப்பது பூனை, அதிலும் நீள முடிப் பாரசீகப் பூனை. உதிர்ந்த முடியில் இதன் வித்துகள் ஒன்றரை வருஷம்வரை உயிரோடு இருக்கக்கூடும். புழுங்கும் ஊரில், காயாத மெத்தையில், இது விளையாட்டில்லை. வீட்டில் ஒருவருக்கு வட்டத் தடிப்பு வந்து களிம்பு போட்டும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் பூனையின் காது ஓரத்தையும் அதன் படுக்கையையும் பார்க்க வேண்டும்.

இனி வேலை. நாய்க்குச் சீப்புதான் அணை. இரட்டை முடி நாய்க்கு அகலப் பல் கொண்ட, உள்முடியைக் கோரி எடுக்கும் சீப்பு ஒன்றும், மெல்லிய வளைகம்பிகள் கொண்ட தட்டைச் சீப்பு ஒன்றும் போதும். சாதாரண நாட்களில் வாரம் இரண்டு தடவை. கொட்டும் பருவத்தில் தினமும். இடம் மொட்டை மாடி. மேலே மேலே தடவிவிட்டு வந்தால் பளபளப்பாகத் தெரியும், உள்ளே ஒன்றும் வராது. முடியைக் கையால் பிரித்துத் தோல் தெரியும்படி விலக்கி, வரி வரியாகச் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், தொடையின் பின்புறம், வாலின் அடி ஆகியவை சிக்கு விழும் இடங்கள். சீவும்போதே உண்ணியும் கைக்குத் தட்டுப்படும். வங்காளிகள் எண்டுலி என்று சொல்லும் அந்தப் பூச்சி மழைக்காலத்தில் பெருகும். அது கொண்டுவரும் காய்ச்சலில் இந்த ஊர் நாய்கள் நிறையவே அவதிப்படுகின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே தரை சுத்தமாக இருந்தாலும் சீவலாம். குளிப்பாட்டினால் உள்முடிவரை காய வேண்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், பிறகு அரிப்பு.

சித்திரை பிறந்ததும் ஸ்பிட்ஸுக்கு மொட்டை அடித்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நாய்க்குக் குளிர்ச்சி, நமக்கு நிம்மதி என்பார்கள். ஆனால் அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட வெட்டிய இரட்டை முடி சில நாய்களில் சரியாகத் திரும்பி வளராமல் திட்டுத் திட்டாக, பஞ்சு பஞ்சாக வரும். வெறும் தோல் வெயிலில் வேகும். உள்முடியைச் சீப்பால் எடுத்துவிட்டாலே காற்று உள்ளே போகும். மொட்டைக்குக் கொடுக்கும் காசில் நல்ல சீப்பு வாங்கலாம்.

சீவி எடுத்த முடியை மாடியிலேயே பறக்கவிட்டால் குருவிகள் கூட்டுக்கு எடுத்துப்போகும் என்று நல்ல மனதோடு செய்கிறவர்கள் உண்டு. நானும் அதை அழகான வழக்கம் என்றே நினைத்திருந்தேன். பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், விலங்கு முடி வைத்துக் கட்டிய சிட்டுக்கூடுகளில் ஃபிப்ரோனில் போன்ற பூச்சிமருந்துகளைக் கண்டார்கள். மருந்தின் அளவு கூடிய கூடுகளில் பொரியாத முட்டையும் செத்த குஞ்சும் அதிகமாக இருந்தன. நாயின் பிடரியில் நாம் சொட்டும் உண்ணி மருந்தில் பெரும்பாலும் இருப்பது இதே ஃபிப்ரோனில்தான். முடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுவதே மேல்.

பூனைக்கு வருவோம். குட்டை முடி நாட்டுப் பூனையை வாரத்துக்கு ஒரு தடவை, அதன் மனசு அனுமதிக்கும்வரை, ரப்பர் முட்கள் வைத்த கையுறையால் தடவினால் போதும். விழுங்கும் முடி அந்த அளவுக்குக் குறையும். மற்றதெல்லாம் துணி நிர்வாகம். பூனை தூங்குமிடத்தை நம்மால் மாற்ற முடியாது, அதன்மேல் என்ன விரிக்கிறோம் என்பதை மாற்றலாம். நெருக்கமாக நெய்த வழவழப்பான பருத்தித் துணி முடியை மேலேயே நிறுத்திவைக்கும். வெல்வெட்டும் முறுக்கு நூல் துவாலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நைந்த தாந்த் சேலையை நான்காக மடித்து அதன் இடத்தில் போட்டுவிட்டால் மூன்று நாளுக்கு ஒருமுறை அதை மட்டும் எடுத்தால் போதும். எடுப்பதிலும் முறை இருக்கிறது. நனைப்பதற்குமுன் வெளியே உதற வேண்டும். முடியோடு துவைக்கும் இயந்திரத்தில் போட்டால் முடி மற்ற துணிகளுக்குப் பங்கு பிரிந்துபோகும், மிச்சம் வடிகட்டியை அடைக்கும். சோபாவுக்குப் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைப் பிழிந்த ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஒரே திசையில் இழுத்தால் முடி திரளாக உருண்டு வரும். ஒட்டும் உருளை, அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் பேன்ட்டுக்கு மட்டும் உபயோகம்.

வேக்யூம் கிளீனர் இந்த இரண்டில் யாருக்கு? 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், டை கட்டிய விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பி இந்த இயந்திரத்தை நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகம் செய்தது. கல்கத்தா, ஹவுரா வீடுகளில் பீரோவின்மேல் பெட்டியோடு ஓய்வெடுக்கும் இயந்திரங்கள் இன்றும் உண்டு. நாய் முடிக்கு அது தேவையில்லை. சிவப்புத் தரையில் பூந்துடைப்பம் அதைவிட வேகமாக வேலை செய்யும், நீள முடி உருளைத் தூரிகையில் சுற்றிக்கொள்ளும் சிரமமும் இல்லை. பூனை வீட்டுக்கு அது உண்மையிலேயே வேண்டும், மெத்தைக்கும் திண்டுக்கும். மெல்லிய முடியைத் துடைப்பம் பிடிப்பதற்குப் பதிலாகக் காற்றில் ஏற்றிவிடுகிறது. வாங்கினால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முடி உள்ளே நிற்கும், தும்மல் தரும் புரதம் பின்பக்கமாக வெளியேறும். தானாக ஓடும் ரோபோவைப் பழைய வீட்டுக்காரர்கள் மறந்துவிடலாம். ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி இருக்கிறது.

இதில் கூலி பற்றிய கணக்கையும் சேர்க்க வேண்டும். நாய் வீட்டில் மாஷிக்கு வேலை கூடுகிறது; வாளித் தண்ணீரை ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதால் கொஞ்சம் பேரம் பேச முடிகிறது. நாய் வீடென்றால் கூடுதலாகக் கேட்கிறார்கள், சிலர் கொடுக்கவும் செய்கிறார்கள். பூனை வீட்டில் அப்படிக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. மெத்தை உதறும்போது மூச்சில் ஏறுவதை யார் அளப்பது? பள்ளிக்கூடத்துக்குச் சட்டையில் போன புரதம், இங்கே மாஷியின் முந்தானையில் ஏறி அடுத்த நான்கு வீடுகளுக்கும் அவருடைய சொந்தக் குழந்தையின் பாய்க்கும் போகிறது. நாயைச் சீவுவதும் பூனையின் துணியை உதறுவதும் வளர்ப்பவர் செய்ய வேண்டிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கலீஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போய்க் குட்டியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சீப்பு பிடிக்கத் தெரியாமல் போகாது.

நான் போட்ட பிரிவினையை மீறுகிறவர்களும் இருக்கிறார்கள். பாரசீகப் பூனை துணிக்கு மட்டும் அடங்காது. அதன் முடியைத் தினமும் சீவாவிட்டால் வயிற்றடியிலும் அக்குளிலும் கெட்டியாகச் சடை விழுந்து, மருத்துவர் கத்தரிக்கோல் எடுக்கும் நிலை வரும். முடி விஷயத்தில் அது ஸ்பிட்ஸின் கட்சி. மறுபக்கம் பக் நாய். 2003இல் ஹச் விளம்பரத்தில் பையனின் பின்னாலேயே ஓடிப் பிரபலமான அந்தக் குட்டையனுக்கு முடியே இல்லையென்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். பக் நிறையக் கொட்டும். குட்டையான விறைத்த முடி, சோபாத் துணியில் ஊசியாகக் குத்தி நின்றுகொள்ளும். சீவினால் பாதி, மீதிக்குப் பூனை வைத்தியம்தான். தெருவிலிருந்து தத்தெடுத்த நேடி நாய்கள் இந்த விஷயத்தில் சாதுக்கள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டாலே முக்கால் வேலை முடிந்துவிடும்.

இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் விசிறியை நிறுத்திவிட்டுப் பூனையின் விரிப்புகளைச் சத்தமில்லாமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து மாடியில் உதற வேண்டும். அதே கையோடு நாயை அங்கேயே சீவிவிடலாம். அதன்பின் மெத்தை, சோபா. பிறகு பெருக்குவது, கடைசியாகத் துடைப்பது. மழை விடாமல் பெய்து மாடி கிடைக்காத நாட்களில் நாயைக் குளியலறையில் நிறுத்திச் சீவலாம். தண்ணீர் போகும் ஜாலியின்மேல் ஒரு பழைய நைலான் காலுறையை விரித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருவில் ஏற்கெனவே தேங்கி நிற்கும் ஆடி மாதத் தண்ணீர் அன்று வீட்டுக்குள்ளும் கொஞ்சம் நிற்கும்.